உலகம்மாள் உப்புப் பார்த்த வீடுகள்

உலகம்மாள் போய்ச் சேர்ந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றி அனுப்பி, வந்த சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறிப்போன மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, கோவில்பட்டி நூல்மில் காலனி மூன்றாம் வரிசையில் ஸ்டெல்லா டீச்சர் வைத்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு அப்படியே உலகம்மாள் வைத்த குழம்பாக இருந்தது. அப்படியே என்றால் அப்படியேதான், ஏதோ சுமாராக அந்தச் சாயலில் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டீச்சர் கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரி, சமையலில் ஆண்டவர்தான் காப்பாற்ற வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவள் சமையலை மருந்து மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கி வந்த வீட்டுக்காரர் அருள்ராஜ் அன்று முதல் கவளத்தை வாயில் வைத்தார், கண்ணை மூடினார், எச்சில் கையோடு தெருவில் இறங்கி, "உலகு மதினி எங்க வீட்டுக்கு வந்திருக்காக" என்று சொல்லிவிட்டு, சோறு ஆறிவிடுமே என்று திரும்ப உள்ளே ஓடிவிட்டார்.

யாரும் அலறவில்லை, மயங்கி விழவில்லை. அடுத்த வீட்டு ரஹ்மத் பீவி மட்டும் ஒரு கிண்ணத்தோடு வந்து, கொஞ்சம் ஊற்றச் சொல்லி நக்கிப் பார்த்து, "ஆமா, அக்காதான். கடைசியில வெந்தயம் வந்து நிக்குது பாரு" என்றாள். அதோடு விஷயம் முடிவாகிவிட்டது. மறுநாள் டீச்சர் அதே கத்தரிக்காயை அதே புளியில் அதே சட்டியில் போட்டுக் குழம்பு வைத்தாள், பழைய மருந்துதான் வந்தது. ஏனென்றால் அதற்குள் உலகம்மாளின் கைப்பக்குவம் டீச்சர் வீட்டுச் சுவரைத் தாண்டி ரஹ்மத் பீவியின் பருப்புத் தால்ச்சாவில் போய் உட்கார்ந்துவிட்டது.

இந்த உலகம்மாள் யாரென்றால், முதல் வரிசை முதல் வீட்டுக்காரி, மில்லில் நூல் நூற்று ஓய்வுபெற்ற தங்கப்பழத்தின் சம்சாரம், மாரீஸ்வரனுக்கு அம்மா, ஜெயக்கொடிக்கு மாமியார், பத்து வயசு தர்ஷினிக்கு ஆச்சி. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்கிற கடையில், பேருக்குக் கீழே என்ன போட என்று கேட்டபோது மாரீஸ்வரன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு 'இல்லத்தரசி' என்று போடச் சொன்னான். காலனி ஜனம் அதைப் படித்துவிட்டு, எந்த இல்லத்துக்கு என்று தங்களுக்குள் சிரித்துக்கொண்டது. நாற்பத்தாறு வருஷமாகத் தொண்ணூற்றாறு வீட்டு அடுப்புக்கும் அவள்தானே நீதிபதி. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும், "உலகக்கா, ஒரு எட்டு வந்து உப்பு பாத்துட்டுப் போங்க" என்று காம்பவுண்டுச் சுவரோரம் குரல் வரும். போட்டது போட்டபடி போவாள். வலது உள்ளங்கையை நீட்டுவாள், கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விடச் சொல்வாள், நக்குவாள், ஒரு கண்ணை மட்டும் மூடுவாள், "அரைக் கல்லு" என்பாள். அரைக் கல் உப்புப் போட்டதும் குழம்பு எழுந்து உட்காரும். 'சாப்பிட்டுப் போங்க' என்றால், "எங்க வீட்டுல அடுப்புல கிடக்கு" என்று வந்துவிடுவாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யார் வீட்டிலிருந்து எந்தப் பாத்திரம் வந்தாலும் அதை வெறுமனே திருப்பித் தரமாட்டாள். பலகாரம் இருந்தால் பலகாரம், ஒன்றுமில்லையா, ஒரு பிடி சர்க்கரையும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையுமாவது உள்ளே இருக்கும். மருமகளாக வந்த புதிதில் ஜெயக்கொடி ஒரு தூக்குவாளியைக் கழுவிக் காலியாகக் கொண்டுபோனதைப் பார்த்து வழியில் மறித்து, "வெறும் பாத்திரத்தை நீட்டினா, உனக்கும் எனக்கும் அவ்வளவுதான்னு சொல்லுத மாதிரி இருக்கும் தாயி" என்று சர்க்கரை டப்பாவைத் திறந்தாள்.

சரி, கைப்பக்குவத்தின் கதைக்கு வருவோம். அது நாளுக்கு ஒரு வீடு என்று போக ஆரம்பித்தது. பகல் பதினொரு மணிக்குக் கடுகு வெடிக்கும்போது வந்து இறங்கும், பொழுது சாயும்போது கிளம்பிவிடும். ஒரு தடவை போன வீட்டுக்கு மறு தடவை போகாது. காலனிச் சங்கச் செயலாளர் பால்பாண்டி, எதையும் முறைப்படி செய்யாவிட்டால் தூக்கம் வராத மனுஷன், வரிசைப்படி அட்டவணை தயாரித்து எல்லார் வீட்டுக் கதவிலும் ஒட்டினார். கைப்பக்குவம் அட்டவணையை மதிக்கவில்லை, மூன்றாம் வரிசையிலிருந்து எட்டாம் வரிசைக்குத் தாவியது. அவர் அதற்கும் அசராமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு கரும்பலகை வைத்து, தினமும் விஷயம் தெரிந்தவுடன், 'இன்று: வரிசை 8, வீடு 4' என்று எழுத ஆரம்பித்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜனம் கிண்ணத்தோடு கிளம்பும்.

செல்போன் டவர் கம்பெனிப் பையன்கள் மூன்று பேர் தங்கியிருந்த அறைக்கும் அது போனது. அங்கே சமையல் என்ற பேரில் நடந்தது வெந்நீரில் நூடுல்ஸைப் போடுவது மட்டும்தான். அன்று அந்த நூடுல்ஸைத் தின்ற மூன்று பேரும் ஆளுக்கொரு மூலைக்குப் போய் அவரவர் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். ஐந்தாம் வரிசை சரோஜாவுக்கும் அவள் மாமியாருக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை பாதி, சண்டை பாதி. கைப்பக்குவம் வந்த அன்று சரோஜாவின் ரசத்தைக் குடித்த மாமியார் தன்னை மறந்து, "ஏளா, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் ரசம் பழையபடி ஆகிவிட்டது, ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா, அந்த வீட்டில் அன்றிலிருந்து சண்டை கால்வாசியாகக் குறைந்துவிட்டது. இதில் ஏதும் தோஷம் உண்டா என்று கேட்கக் கோயில் பட்டரையும் பள்ளிவாசல் இமாமையும் சர்ச் பாதிரியாரையும் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, விசாரித்து, தோஷமில்லை என்று ஒரே குரலில் சொல்லி, அதற்கப்புறம் கூப்பிடாமலே வர ஆரம்பித்தார்கள்.

காலனியே கூடி ஒரு முறையும் வைத்துக்கொண்டது. எந்த வீட்டுக்கு உலகம்மாள் வந்தாலும் அந்த வீட்டிலிருந்து முதல் தூக்குவாளி தங்கப்பழத்துக்குப் போக வேண்டும். அவரும் மதியமானால் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். பெண்டாட்டி போன துக்கத்தில் மனுஷன் உடைந்துபோவார் என்று எல்லாரும் பயந்திருக்க, அவர் மூன்று மாசத்தில் இடுப்பு வேட்டி பத்தாத அளவுக்குப் பெருத்தார். "செத்தவ சமைச்சுப் போட்டுச் சதை வச்சவன் உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

இவ்வளவு கொண்டாட்டத்துக்கும் நடுவில் ஜெயக்கொடிக்கு மட்டும் நெஞ்சில் ஒரு முள். கைப்பக்குவம் ஊரெல்லாம் போகிறது, சொந்த வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

ஜெயக்கொடி பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், கொரியர் ஆபீசில் வேலை, காலையில் போனால் சாயங்காலம்தான். இந்த வீட்டு அடுப்பில் அவள் தனியாகச் சமைத்தது ஒரே ஒரு நாள். வந்த முதல் வாரத்தில் ஆசையாக அவள் ஊர் அரிசிம்பருப்பைப் பண்ணினாள். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் ஒன்றாக வெந்து, மேலே நெய் விட்டுச் சாப்பிடுகிற சோறு அது. தங்கப்பழம் ஒரு வாய் தின்றுவிட்டு, "சோறும் குழம்பும் ஒரே சட்டியில வெந்துட்டா, பிசையதுக்குக் கை எதுக்கும்மா" என்றார். சும்மா வேடிக்கைக்குச் சொன்னதுதான். எல்லாரும் சிரித்தார்கள், ஜெயக்கொடியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, தன் சமையலையும், 'பா.ஜெயக்கொடி' என்று பேர் வெட்டிய சீர்ப் பாத்திரங்களையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

உலகம்மாள் சாவதற்கு இரண்டு நாள் முந்தி, ஒரு புதன்கிழமை, ஜெயக்கொடி ஆபீசுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டுகிற நேரத்தில், மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஏ தாயி, இந்த ஞாயித்துக்கிழமை நீ ஏதாவது பண்ணிப் போடேன், நான் உக்காந்து சாப்பிடுதேன்" என்றாள். ஜெயக்கொடிக்கு பஸ் அவசரம். "எனக்கென்ன தெரியும் அத்தை, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். வெள்ளிக்கிழமை காலை காபிக்கு டிகாஷன் இறக்கி வைத்துவிட்டு, அரிசிப் பானையில் சாய்ந்து உட்கார்ந்த உலகம்மாள் அப்புறம் எழுந்திருக்கவில்லை. இதை ஜெயக்கொடி யாரிடமும் சொல்லவில்லை. அத்தைக்கு நம் மேல் வருத்தம், அதனால்தான் இந்த வாசலை மிதிக்கவில்லை என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

தீர்ப்பு எழுதினவள் பரிகாரமும் தேடினாள். அத்தை வைக்கிற புளிக்குழம்பை எப்படியாவது கற்றுக்கொண்டு வைத்துவிட வேண்டும். விடிகாலையில் எழுந்து வறுத்தாள், அரைத்தாள், ஊரெல்லாம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள். ஒருத்தி மல்லியைக் கூடப் போடு என்றாள், ஒருத்தி குறைத்துப் போடு என்றாள். ஒரு நாள் கசந்தது, ஒரு நாள் உறைத்தது, நன்றாக வந்த நாளிலும் அது யார் வீட்டுக் குழம்பாகவோ இருந்தது. வருகிற தூக்குகளைக் கழுவி, மறக்காமல் சர்க்கரையும் கறிவேப்பிலையும் வைத்துத் திருப்பி அனுப்புகிற வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தாள். "ஆச்சி எல்லார் வீட்டுக்கும் போறா, நம்ம மேல மட்டும் கோவமாம்மா?" என்று தர்ஷினி கேட்டபோது, அடுப்பைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

அப்படியே நாள் நகர்ந்து தொண்ணூற்றைந்து வீடும் முடிந்துவிட்டது. பால்பாண்டி கரும்பலகையில் முந்தின சாயங்காலமே, 'நாளை: வரிசை 1, வீடு 1' என்று பெரிய எழுத்தில் எழுதி, சுற்றிலும் பூ வரைந்து வைத்தார். மீதி இருப்பது ஒரே வீடு, வேறு எங்கே போய்விடப் போகிறது. மறுநாள் ஜெயக்கொடி லீவு போட்டாள். பதினொரு மணிக்குக் காலனி மொத்தமும் கிண்ணத்தோடு வாசலில் நின்றது, பட்டரும் இமாமும் பாதிரியாரும் முன்வரிசை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு கொதித்து இறங்கியது. தங்கப்பழம் ஒரு கரண்டி வாங்கிச் சோற்றில் விட்டுப் பிசைந்து வாயில் வைத்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அந்த 'தான்' போதுமே. கூட்டம் மரியாதையாக ஆளுக்கு ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே கலைந்தது. பால்பாண்டி போய்ப் பலகையைத் துடைத்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் எந்த வீட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. உலகம்மாள் போய்விட்டாள், இந்தத் தடவை நிஜமாகவே போய்விட்டாள் என்று காலனி ஒத்துக்கொண்டது. தங்கப்பழத்துக்குத் தூக்கு வருவதும் நின்றது.

சனிக்கிழமை மத்தியானம், கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு தூக்கை வாங்கிப்போக ரஹ்மத் பீவி வந்தாள். கொல்லையில் மாமனார் நார்க்கட்டிலில் சும்மா படுத்திருந்தார். ஜெயக்கொடி தூக்கில் சர்க்கரையைப் போட்டவள், அதை நீட்டாமல் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டாள். புதன்கிழமை அத்தை கேட்டது, தான் பஸ்சுக்கு ஓடினது, எல்லாவற்றையும் இரண்டு பேர் முன்னாலும் கொட்டிவிட்டாள். "வருத்தத்துலதான் வரலை. எனக்குத் தெரியும்" என்றாள்.

ரஹ்மத் பீவி தூக்கை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அக்காவுக்கு வருத்தப்பட எங்க நேரம் இருந்துச்சு? கூறில்லாமப் பேசாத புள்ள" என்றாள். "எங்க வீட்டுக்கெல்லாம் அவ எதுக்கு வந்தா? எப்பவும் போல உப்பு பாக்க வந்தா. சோலியா வந்தா, சோலிய முடிச்சா, போயிட்டா."

ஜெயக்கொடி மூக்கைத் துடைத்தவள் அப்படியே நின்றாள். அந்த வீட்டுக்கெல்லாம் அத்தை வேலையாக வந்தார்கள். இந்த வீட்டில் அவர்கள் வேலை கேட்கவில்லையே, உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றல்லவா கேட்டார்கள். நான் என்ன பண்ணினேன், அத்தைக்கு அத்தை குழம்பையே வைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வந்தாலும் மறுபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அரைக் கல் என்று சொல்லிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால், எல்லாரும் சிரித்த அன்று, பாத்திரத்தில் பாதிச் சோறு மிஞ்சியிருந்தது. வழக்கம்போல எல்லாரும் எழுந்த பிறகு அத்தை அடுக்களையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். சாயங்காலம் ஜெயக்கொடி பார்த்தபோது பாத்திரம் வழித்துத் துடைத்தாற்போல இருந்தது. கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள் போல என்று அன்றைக்கு நினைத்திருந்தாள். அதையும் வாய்விட்டே சொன்னாள்.

கட்டிலில் தங்கப்பழம் எழுந்து உட்கார்ந்திருந்தார். "நாப்பத்தாறு வருஷம்" என்றார். "அவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. ஒரு நாள் ஒரு இலை போட்டு, உக்காருன்னு சொன்னதில்ல." கட்டிலை விட்டு இறங்கி, "பரண்ல ஏற ஏணி வேணுமா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயக்கொடி சீர்ப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கினாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, எழுதி வைத்ததைப் பார்க்கவில்லை. சின்ன வெங்காயம் உரித்தாள், பூண்டு உரித்தாள், வரமிளகாயைக் கிள்ளிப் போட்டாள், அரிசியையும் பருப்பையும் கழுவி ஒன்றாகக் கொட்டினாள். அவள் அம்மா பண்ணுகிற மாதிரி கடைசியில் ஒரு கைப்பிடித் தேங்காய்ப்பூ. கடுகு வெடித்தபோது பதினொரு மணி. மணம் அவள் ஊர் மணமாக இருந்தது.

தங்கப்பழம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே இலை அறுத்து வந்து, தண்ணீர் தெளித்து, அடுக்களையில் உலகம்மாள் உட்காருகிற இடத்தில் போட்டார். ஜெயக்கொடி தன் பேர் வெட்டிய தூக்கு நிறையச் சோற்றை வைத்து, நெய் விட்டு, இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். குடும்பம் நின்று பார்த்தது. சோறு ஆவி விட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

"நாம இப்படி முறைச்சுக்கிட்டு நின்னா அவ எப்படிச் சாப்பிடுவா?" என்றார் தங்கப்பழம். "எல்லாரும் வெளிய வாங்க."

எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள், நாலு பேர் நாற்பது பேர் ஆனார்கள். தங்கப்பழம் உள்பக்கம் திரும்பி நின்றார். தினமும் மத்தியானம் ஒரு மணிக்குக் காலனி முழுக்கக் கேட்கிற மாதிரி, 'சாப்பிட வாங்க' என்று உலகம்மாள் குரல் கொடுக்கிற அதே வாசல்படி. தொண்டையைச் செருமினார். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, வெட்கம் வேறு.

"உலகு," என்றார், "சாப்பிட வா."

ஜெயக்கொடி கதவில் கை வைத்தாள். பதினாலு வருஷமாக இந்த ஊர்ப் பேச்சுக்குள் ஒளித்து வைத்திருந்த அவள் ஊர்ப் பேச்சு தானாக வந்தது. "வாங்கத்தை, சாப்பிட வாங். நானே பண்ணுனனுங்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மீதிச் சோற்றை வாசலிலேயே வைத்துப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அருள்ராஜ் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது உலகு மதினி கை இல்ல" என்றார். சொன்னவர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். தங்கப்பழம் மூன்று தடவை போட்டுக்கொண்டார். ஜெயக்கொடி மட்டும் ஒரு பருக்கை தொடவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, மூன்று மணிக்குக் கதவைத் திறந்தாள். அடுக்களையில் இலை சாப்பிட்டவர் பக்கமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது, கல்யாண வீட்டில் வயிறு நிறைந்தவர்கள் மடிக்கிற மாதிரி. தூக்கைக் காணோம். தேடிப் பார்த்தால், கழுவி, துடைத்து, மேடையில் எப்போதும் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரங்களை வைக்கிற இடத்தில் இருந்தது. ஜெயக்கொடி அதைக் கையில் எடுத்தாள். காலியாக இல்லை. மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு பிடி சர்க்கரையும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இருந்தன.

அவள் அங்கேயே, அத்தை உட்காருகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று வாசலில் நின்றவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று தர்ஷினி வந்து சொன்னாள். அப்புறம் எழுந்து முகம் கழுவி, அந்தச் சர்க்கரையைப் போட்டு, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் காபி கலந்தாள். தங்கப்பழம் ஒரு மடக்குக் குடித்தார். காபி ஜெயக்கொடி போட்ட காபியாக இருந்தது.

"அரைக் கரண்டி சர்க்கரை கூடிப்போச்சு" என்றார் அவர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு.